இருமுறை கழித்த தூசி

பதினான்காவது படம் திரையில் விழுந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று சொல்வதும் மிகை, கண்ணுக்குள் விழுந்த உமியைப் போல ஏதோ ஒன்று உறுத்தியது, அவ்வளவே. நான் முதல் வரிசையில், குளிரூட்டியின் காற்று நேரே முகத்தில் அடிக்கும் நாற்காலியில், கழுத்தில் இன்னும் மடிப்புக் கலையாத பொன்னாடையுடன் உட்கார்ந்திருக்கிறேன். வெளித் தேர்வாளர் என்பது என் இன்றைய பெயர். ஞானசிகாமணி என்பது மற்ற நாள்களின் பெயர். மேடையில் செண்பகவல்லி பேசுகிறாள். கோவில்பட்டியில் எட்டு ஆண்டுகள் தற்காலிக ஆசிரியையாக வகுப்பெடுத்துக்கொண்டே, வார இறுதிகளில் பேருந்து பிடித்து வந்து முடித்த ஆய்வு. விண்மீனிடைத் தூசி ஒளியை எப்படி மங்கச் செய்கிறது, எப்படிச் சிவக்கச் செய்கிறது, அகச்சிவப்பில் அந்த மங்கல் எவ்வளவு குறைகிறது என்பது அவளுடைய பொருள். என்னுடையதும் அதுவே, முப்பது ஆண்டுகளாக. பொது வாய்மொழித் தேர்வு என்பது நம் பல்கலைக்கழகங்களில் தேர்வு அன்று, கல்யாண வீடு என்று எல்லோருக்கும் தெரியும். அறிக்கைகள் மூன்று மாதத்துக்கு முன்பே போய்விட்டன, முடிவு முடிந்துவிட்டது, இன்று மிச்சம் பூமாலையும் புகைப்படமும்தான். பின்வரிசை மாணவர்கள் சமோசாவுக்காகக் காத்திருக்கிறார்கள். மூன்றாம் வரிசையில் அவளுடைய கணவர், பட்டுப்புடவையில் மாமியார், தூங்கிவிட்ட சிறுமி. என் மடியில் அவளுடைய ஆய்வேடு, பக்கம் எண்பத்தெட்டு. திரையில் அதே பக்கத்தின் படம்: பத்தொன்பது புள்ளிகள், இடது பக்கமாகக் கூடி நிற்கின்றன. இடது என்றால் நிற எண் குறைவு, அதாவது நீலம். நீலம் என்றால் வெப்பம், இளமை. "தூசிக்குப் பின்னாடி இதுவரைக்கும் யாரும் பார்க்காத பத்தொன்பது இளம் விண்மீன்கள்" என்கிறாள் அவள். அந்தப் பத்தொன்பதில் நான்கு, நிற எண்ணில் சுழியத்துக்குக் கீழே பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து வரை போய் நிற்கின்றன. அங்கே எந்த விண்மீனும் நிற்க முடியாது. எவ்வளவு கொதித்தாலும் ஒரு விண்மீன் அகச்சிவப்பில் ஓர் எல்லைக்கு மேல் நீலமாக முடியாது. அந்த எல்லை சுழியத்துக்குக் கீழே புள்ளி இரண்டுக்கு அருகே முடிந்துவிடுகிறது. இருக்க முடியாத தூய்மையோடு நிற்கும் அந்த நான்கையும் பார்க்கிறேன். இதே பக்கத்தை மூன்று மாதத்துக்கு முன் என் வீட்டில் படித்தேனே, அப்போது எங்கே போயிருந்தன இந்த நான்கும்?

படித்தேனா? படித்தேன் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். 'பாராட்டத்தக்க நுணுக்கம்' என்றுகூட எழுதினேன். அந்தப் பக்கம் வரும் நான்காம் அதிகாரத்தில் என் பெயர் பதினொரு இடங்களில் வந்தது. எண்ணினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தன் பெயரைத் தேடிப் படிப்பவன் மற்ற சொற்களைத் தாண்டிக் குதிக்கிறான். மனிதனே, உன் பெயர் அச்சில் வந்த பக்கத்தை இருமுறை படி, ஒருமுறை பெயருக்காக, ஒருமுறை பக்கத்துக்காக. நல்ல வாக்கியம், ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் சபையில் என் பிரசங்கத்தில் சொல்லலாம். பார், இங்கேயும் உபதேசம்! அங்கே ஒரு பெண்ணின் எட்டு ஆண்டு உழைப்பு சரிந்து நிற்கிறது, நான் ஞாயிற்றுக்கிழமைக்கு வாக்கியம் சேர்க்கிறேன். சபையில் நான் அடிக்கடி சொல்லும் உவமை ஒன்றுண்டு. அன்பானவர்களே, தூரத்து விண்மீன் சிவந்து தெரிகிறது என்பதற்காக அதைச் சிவந்தது என்று தீர்த்துவிடாதீர்கள். அதற்கும் நமக்கும் நடுவே தூசி இருக்கிறது, அந்தத் தூசி சிவப்பைப் பூசுவதில்லை, நீலத்தைத்தான் அதிகமாகத் தடுத்து வைத்துக்கொள்கிறது, நூறு பங்கு ஒளி புறப்பட்டால் நம் கண்ணுக்கு ஒரு பங்கே வந்து சேரும் இடங்கள் உண்டு, அதே இடத்தில் அகச்சிவப்பில் அறுபது பங்கு வந்து சேரும். ஆகவே அயலானைப் பார்க்க வேறு கண் வேண்டும், நடுவிலிருக்கும் தூசியைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். எல்லோரும் தலையசைப்பார்கள். ஒருமுறை மட்டும், தையல் கடை வைத்திருக்கும் ரோஸ்லின், ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்: "அப்ப உள்ளபடிக்கே செவப்பா இருக்கிற நட்சத்திரமும் உண்டும்தானே சாரே? அதுக்கும் தூசியக் கழிச்சா என்னாகும்?" சிரித்துச் சமாளித்தேன். கழிக்க வேண்டியதற்கு மேல் கழித்தால் என்னாகும் என்பது அந்தத் திரையில் தெரிகிறது, ரோஸ்லின். இருக்க முடியாத ஒன்று ஆகும்.

ஆக, கூடுதலாகக் கழித்திருக்கிறாள். எங்கே? அவள் அளந்தவை இரண்டாம் மூன்றாம் அதிகாரங்களில் இருக்கின்றன. அவை ஒழுங்காகத்தான் நிற்கின்றன. நான்காம் அதிகாரத்தின் பத்தொன்பது மட்டும் அவள் அளந்தவை அல்ல. அடியில் சிறிய எழுத்தில், அளவுகள்: ஞானசிகாமணி, 2011, அட்டவணை நான்கு. என் அட்டவணை. என் கட்டுரை. அந்த அட்டவணையில் இருந்தவை தூசி கழித்த அளவுகளா, கழிக்காதவையா? கழித்தவை என்றால், கழித்ததை அவள் மறுபடி கழித்திருக்கிறாள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் கழித்தவையா? நினைவுபடுத்து. மழைக்காலம். இதழாசிரியர் பக்கத்தைக் குறைக்கச் சொன்னார். அட்டவணையில் இரண்டு பத்திகள் இருந்தன, தூசிக்கு முன், தூசிக்குப் பின். ஒன்றை வெட்டினேன். எதை வெட்டினேன்? தலைப்பில் 'நிற எண்' என்று மட்டும் விட்டேன், அதன் கீழே ஓர் அடிக்குறிப்பு இருந்தது, அதுவும் பத்தியோடு போயிற்று. அல்லது பத்தி போய் அடிக்குறிப்பு நின்றது. அல்லது அப்படி ஓர் அடிக்குறிப்பே இல்லாமல், எழுத வேண்டும் என்று நான் நினைத்தது மட்டுமே இருந்தது. நினைத்ததற்கும் செய்ததற்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுத் தூசி. மடிக்கணினி பையில், பை துறைத்தலைவர் அறையில். எழுந்து போய் எடுத்து வரலாம். எழுந்தால் அவள் பேச்சு நிற்கும், அரங்கம் திரும்பும், ஏன் என்று கேட்பார்கள். இல்லை, அது காரணமன்று. எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். இன்னொரு வழியும் இருக்கிறதே: தூசியின் விதி எல்லாத் திசையிலும் ஒன்றன்று. அகச்சிவப்பில் அது எங்கும் ஒரே சரிவில் இறங்குகிறது என்று ஒரு காலத்தில் நம்பினோம். பிறகு திசைக்குத் திசை மாறுகிறது என்று கண்டோம். அவள் தவறான சரிவை எடுத்திருக்கலாம். அப்படியானால் தவறு அவளுடையது, என் அட்டவணை குற்றமற்றது, நான் நிம்மதியாகச் சமோசா சாப்பிடலாம். எவ்வளவு விரைவாக ஓடுகிறது மனம், தன் கதவைத் தானே சாத்திக்கொள்ள!

"சார்." பக்கத்து நாற்காலியிலிருந்து கோமதிநாயகம் சாய்கிறார், அவளுடைய நெறியாளர், சங்கரன்கோவில்காரர், வாயில் ஏலக்காய் வாசனை. கோப்பு ஒன்றை என் மடியில், ஆய்வேட்டின் மேலேயே, வைக்கிறார். "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. பொறவு போட்டோ, டீன்னு கூட்டத்துல விட்டுப்போயிரும். போன தடவ ஒரு எக்ஸாமினர் போடாமலே ரயில் ஏறிட்டார், நான் மதுர வரைக்கும் பின்னாலயே ஓடுனேன்." தாளில் இரண்டு கட்டங்கள். 'பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்.' 'திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும்.' முதல் கட்டத்தில் பென்சிலால் மெல்லிய சரிக்குறி ஏற்கெனவே இருக்கிறது, நான் அதன்மேல் மை ஓட்டினால் போதும். "கடைசியில போடுறேன்" என்கிறேன். "அதுவும் சரிதான்" என்கிறார் அவர், என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு. பிறகு மறுபடி சாய்ந்து, மெதுவாக: "வெள்ளிக்கிழமை அவ மகளிர் காலேஜ்ல சேரணும் சார். பெர்மனென்ட். இந்தச் சர்டிபிகேட்ட வச்சாத்தான் ஆர்டர். எட்டு வருசம் நாயா அலைஞ்சிருக்கா பிள்ள." ஏன் இதை இப்போது சொல்கிறார்? அவருக்கும் தெரியுமா? அல்லது என் முகம் சொல்லிவிட்டதா? வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய்.

அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் தம்பி ஜெபசிங் ஒன்பதாம் வகுப்புத் தேர்வைப் பொன்னுக்கு வீங்கியோடு எழுதினான், இரண்டு கன்னமும் பலாச்சுளை மாதிரி, மஞ்சள் பற்றுப் போட்டு, தலையைச் சுற்றித் துண்டு கட்டி. விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்தது. அப்பா திருத்தி வைத்ததைக் கூட்டிப் பதிவேட்டில் ஏற்றுவது, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் வேலை. அவன் தாளில் நாற்பத்தொன்று இருந்தது. பாவம், வலியோடு எழுதினான் என்று, ஒவ்வொரு கணக்கிலும் ஒன்றும் இரண்டுமாகக் கூட்டி ஐம்பத்தொன்றாக்கினேன். எவருக்கும் சொல்லவில்லை, அன்பு செய்ததைச் சொல்லலாகாது என்று ஒரு பெருமிதம். அந்த மதிப்பெண்ணை நம்பி அவன் பிறகு கணக்குப் பிரிவுக்குப் போனான், மூழ்கினான், இருமுறை தோற்றான். பல ஆண்டுகள் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது அப்பா, "அவனுக்கு நான்தான் பத்து மார்க் கூட்டிப் போட்டேன், பொன்னுக்கு வீங்கியில்லா" என்றார். நான் இறைச்சித் துண்டைக் கையில் பிடித்தபடி இருந்தேன். "நானும் போட்டேன்" என்றேன். ஜெபசிங் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப எனக்கு முப்பத்தொண்ணா? அத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே கட தொறந்திருப்பேனே, அண்ணா!" என்று சிரித்தான். தக்கலையில் அவனுடைய ஜெராக்ஸ் கடை நன்றாகத்தான் ஓடுகிறது. அவன் சிரித்தான் என்பதால் நான் மன்னிக்கப்பட்டேன் என்று வைத்துக்கொண்டேன். அப்பா இரக்கப்பட்டது தவறன்று. தாளின் ஓரத்தில் 'பத்துக் கூட்டியிருக்கிறேன்' என்று எழுதாததே தவறு. இரக்கப்படுகிறவனே, இரங்கிய இடத்தில் ஒரு குறி வை. இல்லாவிட்டால் உன் பின்னால் வரும் இரக்கமுள்ளவன் அதே இடத்தில் மறுபடி இரங்குவான், இருவரும் சேர்ந்து ஒருவனை மூழ்கடிப்பீர்கள். ஆம், இது சரியான உவமை. சரியாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் இப்போது நான் அப்பாவா, அண்ணனா? அட்டவணையில் குறி வைக்காத கை என்னுடையது. அறிக்கையில் பாராட்டுக் கூட்டிய கையும் என்னுடையது. இப்போது இந்தக் கட்டத்தில் மை ஓட்டினால் அது மூன்றாவது கை. ஓட்டாவிட்டால்? என் குற்றத்துக்கு அவள் தண்டனை. ஓட்டினால்? இல்லாத பத்தொன்பது விண்மீன்கள் நூலகத்தில் நிற்கும், இன்னொரு செண்பகவல்லி அவற்றை எடுத்துக் கணக்குப் போடுவாள். இரண்டும் அநியாயம். இரண்டு அநியாயங்களில் எது சிறியது என்று அளக்கப் புறப்பட்டால், அளப்பவனுக்கும் அளக்கப்படுவதற்கும் நடுவே நானே நிற்கிறேன். நானே தூசி. இதை எதில் கழிப்பது? எனக்குப் புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. கைதட்டுகிறார்கள். ஏன் கைதட்டுகிறார்கள்? முடித்துவிட்டாள்.

"வெளித் தேர்வாளர் ஐயா அவர்கள் கேள்வி கேட்கலாம்" என்கிறது ஒலிபெருக்கி. பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம். கோமதிநாயகம் என் காதில், "ஒண்ணு ரெண்டு லேசாக் கேட்டு விட்டுருங்க சார், சமோசா ஆறிக்கிட்டிருக்கு" என்கிறார். எழுந்திருக்கிறேன். பொன்னாடை நழுவி நாற்காலியில் விழுகிறது. என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது; 'உங்கள் ஆய்வின் எதிர்காலப் பயன் என்ன' என்று கேட்டுவிடலாம், எல்லோரும் கேட்பது அதுதான், நாக்கு அதற்குத்தான் தயாராகிறது. ஆனால் வாயிலிருந்து வருவது வேறு. "அம்மா, பதினாலாவது படம். அந்த நாலு விண்மீனும் நிற்கிற இடத்துல ஒரு விண்மீன் நிற்க முடியுமா?" அவள் திரும்பிப் பார்க்கிறாள். "அளவுப் பிழை இருக்கும்னு எழுதியிருக்கேன் சார்." "நாலுக்கும் ஒரே பக்கமாவா பிழை வரும்?" என்னையே வெறுக்கிறேன், கேள்வியை அவள்மேல் எறிந்துவிட்டு நான் மறைந்து நிற்கிறேன். சொல், ஞானசிகாமணி, இப்போது சொல். "அந்த அளவெல்லாம் என் அட்டவணை. அதுல தூசியைக் கழிச்சுத்தான் போட்டிருக்கேனோன்னு ஒரு சந்தேகம். நிச்சயமாத் தெரியலை."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த கலக்கம் வரவில்லை. வந்தது வேறு. "சார், அதைக் கேட்டுத்தான் உங்களுக்கு மெயில் போட்டேன். ரெண்டு வருசம் முன்னாடி, ரெண்டு தடவை. கழிச்சதா, கழிக்காததான்னு அட்டவணையில போடலையே சார்னு. பதில் வரலை." ஒலிவாங்கி அவள் கையிலேயே இருந்ததால் அரங்கம் முழுவதும் அது கேட்டது. "கோமதிநாயகம் சாரிட்ட கேட்டேன். குறிப்பு இல்லைன்னா கழிக்காததுதான், நீயே கழிச்சுக்கோன்னாங்க." கோமதிநாயகம் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்க்கிறார். இரண்டு கடிதங்கள். எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பது வரவில்லை என்று ஆகாது. வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறவன் என்றல்லவா என்னைப் பற்றி நானே நம்பிக்கொண்டிருந்தேன்? அவள் அதற்குள் வெள்ளைப் பலகைக்குப் போய்விட்டாள். ஆய்வேட்டைப் புரட்டி, என் அட்டவணையின் எண்களை மேலிருந்து கீழாக எழுதுகிறாள். புள்ளி ஆறு எட்டு. புள்ளி ஏழு ஒன்று. புள்ளி ஆறு ஆறு. புள்ளி ஏழு. ஏழாவது எண்ணில் பேனா நிற்கிறது. நான் அவள் முதுகை மட்டுமே பார்க்கிறேன். அந்த முதுகில் ஒரு மாற்றம், ஒருவர் தன் வீட்டுக்குள் நின்றுகொண்டு இது தன் வீடில்லை என்று உணரும்போது வருமே, அது. "கழிக்காத அளவு இப்படி ஒண்ணு போல நிக்காது சார்" என்கிறாள், பலகையைப் பார்த்தே. "தூசி எடத்துக்கு எடம் கூடும் குறையும். இதெல்லாம் ஏறக்குறைய ஒரே எண். கழிச்சதுதான். நான் இத அன்னைக்கே பார்த்திருக்கணும்." "பத்தொன்பதுமா?" "பத்தொன்பதும் சாதாரண வயசான சிவப்பு விண்மீன்தான் சார். இளசு ஒண்ணுகூட இல்ல." பின்வரிசையில் ஒருவன் சிரிக்க, யாரோ அடக்கினார்கள். சிறுமி விழித்துக்கொண்டு, "அம்மா முடிச்சாச்சா?" என்று பாட்டியிடம் கேட்டாள்.

துறைத்தலைவர் இருமினார். "இது ஒரு அகாடெமிக் டிஸ்கஷன், இத நம்ம பொறவு..." என்று தொடங்கினார். கோமதிநாயகம் என் முழங்கையைப் பிடித்தார்: "சார், பட்டத்துக்கு மூணு அதிகாரமே தாங்கும். நாலாவத ஒரு திருத்தத் தாள் வச்சு ஒட்டிக்கிடலாம். இப்ப அந்த முதக் கட்டத்துல போட்டுருங்க. வெள்ளிக்கிழம, சார்." அவர் சொல்வது பொய்யன்று, மூன்று அதிகாரங்களும் உண்மை, அவை அவள் கண்ணும் கையும் செய்தவை. பட்டத்துக்கு அவை போதும் என்று நானும் நினைக்கிறேன். நினைக்கிறேனா, நினைக்க விரும்புகிறேனா? என் குற்றத்தை எண்ணி அவளுக்குக் கூட்டிப் போடுகிறேனா? அல்லது கூட்டிப் போடுகிறேனோ என்ற பயத்தில் அவளுக்கு உரியதையும் குறைக்கிறேனா? எந்த அலைநீளத்தில் பார்த்தாலும் இது தெளியவில்லை. உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து, பென்சில் குறியை விரலால் தேய்க்கிறேன். அது அழியாமல் சாம்பலாகப் பரவுகிறது. இரண்டாம் கட்டத்தில் மை வைக்கிறேன். திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். கை நிற்கவில்லை; கட்டத்துக்கு வெளியே, வெற்றிடத்தில் எழுதுகிறேன்: நான்காம் அதிகாரம் மட்டும். பிழையின் மூலம் தேர்வாளரின் 2011 அட்டவணை. தெளிவு கேட்டு மாணவி இருமுறை எழுதியும் தேர்வாளர் பதில் தரவில்லை. மற்ற அதிகாரங்கள் பட்டத்துக்குத் தகுதியானவை. திருத்தியதைப் பெற்ற அன்றே படித்து ஒப்பமிடுவேன். ஞானசிகாமணி. கோமதிநாயகம் எட்டிப் படித்தார். "இப்படியெல்லாம் எழுத இந்த ஃபாரத்துல எடமே கெடையாதே சார்" என்றார், அழுகிற குரலில். "இருக்கிற இடத்துல எழுதிட்டேன்" என்றேன். இதழுக்கும் இன்றே எழுத வேண்டும்.

அரங்கம் கலைகிறது. சமோசா இருக்கும் இடத்துக்குச் சிலர் போகிறார்கள், சிலர் போகலாமா என்று பார்க்கிறார்கள். செண்பகவல்லி மேடையை விட்டு இறங்கி என் முன்னால் வந்து நிற்கிறாள். தாளைப் படித்துவிட்டாள். அழவில்லை. நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா சார்?" என்று கேட்கிறாள். எனக்குள் மூன்று உவமைகள் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்கு வருகின்றன, மூன்றும் அழகானவை, மூன்றும் அவளைத் தேற்றும், என்னையும். அதிகாரத்தைத் திருத்தி எழுதலாம். பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொள்ளுமா, கல்லூரி பொறுக்குமா, மூன்று நாள் மூன்று நாளாக இருக்குமா, எதுவும் என் கையில் இல்லை. "தெரியலைம்மா" என்றேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு கேள்விக்கு இவ்வளவு குறைவாக நான் பதில் சொன்னதில்லை. அவள் என்னையே பார்த்தாள், அளப்பது போல. பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். பக்கம் எண்பத்தெட்டைத் திறந்து, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"முதல் விண்மீன். சொல்லுங்க சார்."